பாரீஸ் தனலட்சுமியும் மூன்றாவது சரணமும்

1

இந்த வருஷமும் கூடுகிறார்களாம். மெயில் வந்திருக்கிறது. 'சென்ற ஆண்டு நம்மையெல்லாம் மகிழ்வித்த பாரீஸ் தனலட்சுமி அவர்கள் இம்முறையும் வந்து பாட வேண்டும்' என்று என் வீட்டுக்காரர் படித்துக் காட்டினார். மகிழ்வித்த என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். சிரிக்க வைத்த என்று எழுதக் கூச்சப்பட்டு இப்படி எழுதியிருக்கலாம். நல்ல தமிழில் எழுதினால் எதையும் மறைத்துவிடலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது பாரீஸ் இல்லை. இங்கிருந்து பஸ் பிடித்து, ரயில் ஏறி, நடுவில் இன்னொரு ரயில் மாறினால்தான் பாரீஸ். அந்தக் கோபுரத்தை நான் பார்த்ததெல்லாம் ஊரிலிருந்து யாராவது வந்து கூட்டிப் போகச் சொன்னபோதுதான். நான் ஒரு பள்ளிக்கூடத்து கான்டீனில் வேலை செய்கிறேன். காலையில் தட்டுகளை அடுக்கி, மத்தியானம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, பிறகு மேசைகளைத் துடைத்துவிட்டு வருவேன். வீட்டுக்காரர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறார். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர் என்பதால் இவருக்குப் பிறக்கும்போதே அந்த நாட்டுக் குடியுரிமை. எனக்கு அப்படி இல்லை. புதுச்சேரி உப்பளத்தில் ஒரு மில் தொழிலாளி வீட்டில் பிறந்து, மில் மூடிக் கிடந்த வருஷம் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கல்யாணமாகி இங்கே வந்தேன்.

கூடுகிறவர்கள் யார் என்று சொல்ல வேண்டும். பழைய இசையமைப்பாளர் ஒருவருக்கு இன்டர்நெட்டில் ரசிகர்கள் குழு வைத்திருக்கிறார்கள். அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் கட்சி பிரிந்து சண்டைக்கு நிற்பீர்கள். வருஷத்தில் ஒரு சனி, ஞாயிறு ஏதாவது ஓர் ஊரில் சேர்ந்து, அவர் போட்ட பாட்டுகளைத் தாங்களே பாடி, தாங்களே கேட்பார்கள். போன வருஷம் எங்கள் புதுச்சேரியில். இங்கே ஒரு பொங்கல் விழாவில் நான் பாடியதைக் கேட்ட வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் என் பெயரைக் குழுவில் சொல்லிவிட்டார். எதற்காகச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2

என் பெண் வித்யாவுக்கு இப்போது பதினேழு நடக்கிறது. சின்ன வயதிலேயே எனக்குப் பதிலாகப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க ப்ரெஃபெக்சூர் என்கிற அரசு ஆபீஸ் வாசலில் குளிரில் வரிசை நிற்போம். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாள் என்னைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பாள். நான் வாயைத் திறப்பேன். இந்த மொழியில் நாற்காலியும் மேசையும்கூடப் பெண்பிள்ளைகள், அட்டையும் பெண்பிள்ளை, ஆனால் பாஸ்போர்ட் ஆண்பிள்ளை. நான் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்வேன். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவள் முகம் மெல்ல என்னைவிட்டு, மூக்கு மேசைக்கு எட்டாத என் பெண் பக்கம் திரும்பும்.

"அம்மா, நீ பேசாத. நான் சொல்றேன்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். டாக்டரிடமும் பேங்கிலும் அவள் பள்ளிக்கூடத்திலேயே அவளைப் பற்றிப் பேசும்போதும் அதே 'நீ பேசாத'. பெரியவளான பிறகு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். காதில் எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பாள். அறைக்கதவு சாத்தியே இருக்கும்.

அதனால் இந்த அழைப்பு வந்தபோது ஒன்றே ஒன்றுதான் நினைத்தேன். அவள் கண் முன்னால் ஒரு காரியத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருவரும் திருத்தாமல் செய்துகாட்ட வேண்டும். பாட்டு ஒன்றில்தான் எனக்கு அது முடியும். மாவு பிசையும்போதும் துணி மடிக்கும்போதும் பாடிப் பாடி அந்தப் பாட்டு எனக்குப் பாஸ்போர்ட் எண்ணைவிட நன்றாகத் தெரியும்.

ஆனால் ஊருக்குக் கூப்பிட்டால் கொசு, வெயில் என்று அழுகிறவள், "நானும் வரேன்" என்று உடனே சொன்னாள். யாரையாவது பார்க்க வருகிறாளா? நான் பாடுவதைக் குட்டி கேமராவில் படம் பிடித்து இங்கே சிநேகிதிகளுக்குக் காட்டிச் சிரிக்கப் போகிறாளா? வழியெல்லாம் அவள் பையை என் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

3

மூலக்குளத்தில் ஒரு கல்யாண மண்டபம். பக்கத்திலேயே என் அண்ணன் வீடு என்பதால் அங்கே தங்கினோம். அண்ணி வாசலிலேயே ஆரம்பித்தாள். "என்னா தனம், அவ்ளோ செலவு பண்ணி பிளேன் ஏறி வந்து பாட்டு பாடுறியா? இங்க இருந்தப்ப பாடச் சொன்னா தொண்ட கட்டிக்கிச்சின்னு சொல்லுவியே?"

மண்டப வாசலில் பேனர். அதில் 'பாரீஸ் தனலட்சுமி' என்று என் பெயர் எல்லாரையும்விடப் பெரிய எழுத்தில் இருந்தது. அப்போதே புரிந்துகொண்டேன். இவர்களுக்குத் தனலட்சுமி வேண்டாம், பாரீஸ்தான் வேண்டும்.

உள்ளே எல்லாரும் படித்தவர்களாகத் தெரிந்தார்கள். பேங்க் ஆபீசர், காலேஜ் வாத்தியார், கம்ப்யூட்டர் பையன்கள். எந்தப் பாட்டில் யார் புல்லாங்குழல் வாசித்தது, எந்த இடத்தில் வயலின் ஒரு தப்பு விட்டது என்று கோயிலில் பேசுவதுபோல மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். ஒருவர் காபியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிரான்ஸ்ல என்னாம்மா பண்றீங்க?"

"பள்ளிக்கூடத்துல இருக்கேங்க."

"ஓ, டீச்சரா?"

நான் பதிலைத் தேடுவதற்குள் வித்யா, "இல்ல, கான்டீன். சாப்பாடு குடுக்கறாங்க" என்றாள்.

"நல்ல வேல" என்றார் அவர். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவர் எவ்வளவு பாடுபடுகிறார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் பயந்துபோய் எழுந்துவிட்டார்.

கூட்டத்தை நடத்தியவர் சேகர் சார், பேங்கில் வேலை செய்கிறவர். மைக்கில் குழுவின் வழக்கத்தைச் சொன்னார். சனிக்கிழமை பாடுவது, ஞாயிற்றுக்கிழமை கேட்பது. பாடுகிறவர்கள் பேப்பரைப் பார்க்கக் கூடாது. ஆண் குரலோ பெண் குரலோ, ஒருவரே பாட்டை முழுசாகப் பாட வேண்டும், ரேடியோக்காரர்கள் மாதிரி சரணத்தை விழுங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் பாடின பாட்டுகளின் பழைய இசைத்தட்டுகளைப் போடுவார்கள். அப்போது கைதட்டவோ பேசவோ கூடாது.

காலையில் வாத்தியக்காரர்களோடு ஒத்திகை. பல்லவியும் முதல் சரணமும் மட்டும் பாடச் சொல்லி, சுருதி சரியாக இருக்கிறதென்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். என்னை ஏன் இவ்வளவு சீக்கிரம் அனுப்பினார்கள் என்று அதற்கும் கவலைப்பட்டேன். கீழே வித்யா சேகர் சாரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

"என்னாடி பேசினே?"

"பாத்ரூம் எங்கன்னு கேட்டேன்."

பாத்ரூம் எங்கே என்று கேட்க அவ்வளவு நேரமா?

4

என் பாட்டை அவர்கள் ரயில் பாட்டு என்பார்கள். ஓடாத ஒரு படத்தில் வருவது. ரயில் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் பெண், வராத ஒருவனைப் பார்த்துக் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போவாள். எங்கே இருந்தாய், யார் உன்னை நிறுத்தியது, என் பெயரை அங்கே சொன்னாயா என்று. அவனிடமிருந்து பதில் வராது. ரேடியோவில் அபூர்வமாகத்தான் வரும். நான் கற்றுக்கொண்டது ஒரு கேசட்டிலிருந்து.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் முறை. பல்லவி எடுத்தேன். முதல் சரணம் நன்றாகவே வந்தது. முன் வரிசைக்காரர்கள் கண்ணை மூடினார்கள். வித்யா கேமராவைத் தூக்கினாள், பிறகு மடியில் வைத்துவிட்டாள். இரண்டாவது சரணம் இன்னும் நன்றாக வந்தது. பல்லவிக்குத் திரும்பி, கடைசிக் கேள்வியை மெல்ல மெல்லத் தணித்து, கரைத்து முடித்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

வாத்தியம் நிற்கவில்லை. புல்லாங்குழல் புதிதாக ஒன்று ஆரம்பித்தது. எனக்கு மரியாதைக்காக வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். கும்பிட்ட கையோடு சிரித்தபடி நின்றேன். வயலின்கள் சேர்ந்துகொண்டன. பிறகு எல்லாம் அடங்கி தபலா மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. கீபோர்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

முன் வரிசையிலிருந்து ஒரு குரல். "மூணாவது சரணம்மா!"

மூன்றாவது சரணமா? இந்தப் பாட்டுக்கு ஏது?

தபலாவும் நின்றது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் மேடைக்கு நடுவில், ப்ரெஃபெக்சூரில் அந்தக் கண்ணாடித் தடுப்பின் முன்னால் நிற்பதுபோலவே நின்றேன். வித்யா எழுந்து ஓடுவது தெரிந்தது. வாசலுக்குத்தான் ஓடுகிறாள், தலைகுனிந்து வெளியே போகிறாள் என்று நினைத்தேன். அவள் மேடை ஓரத்துக்கு ஓடி சேகர் சாரிடம் ஏதோ சொன்னாள். கை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

சேகர் சார் மைக்கை எடுத்தார். "இங்க பாருங்க, ஒரு சந்தேகம். உப்பளத்துல முன்னாடி ஒரு ரெக்கார்டிங் கடை இருந்துச்சி. கடைக்காரரே பாட்டெல்லாம் சேத்து கேசட் போட்டு விப்பாரு. அவருகிட்ட கேசட் வாங்கினவங்க யார் யாரு? உங்களுக்கு இந்தப் பாட்டு எங்க முடியுது?"

முதலில் ஒரு கை, அப்புறம் இன்னொரு கை. அங்கங்கே புதுச்சேரிக்காரர்கள் எழுந்தார்கள். "எனக்கும் ரெண்டு சரணந்தாங்க!" "அட, ஆமாம்பா, கேசட்டு பக்கம் அங்க முடிஞ்சிரும்!" "மூணாவது ஒண்ணு இருக்கா?" மண்டபம் கைதட்டலில் கலகலத்தது. மதராசிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும், "ஒரு ஊரே பாட்டை அரைகுறையாக் கேட்டிருக்கு, அதுக்குக் கைதட்டு வேறயா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நாடா முடிகிற இடத்தில் அந்தக் கடைக்காரர் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பாட்டு தானாக முடிவதுபோலவே செய்துவிட்டிருக்கிறார். காய்காரர் தராசையும் கண்டக்டர் கொடுக்கும் சில்லறையையும் சந்தேகப்படுகிற நான், அதை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

5

எல்லாரும் கைதட்டி இறக்கிவிட்டார்கள். ஆனால் படியிறங்கும்போதே என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. வித்யா போய்ச் சொன்னாள், சேகர் சார் கேட்டார், கை தூக்கினார்கள். அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல, பாரீசிலிருந்து வந்தவள் மனம் நோகக் கூடாதென்று எல்லாரும் சேர்ந்து செய்ததாக இருந்தால்? அவமானத்தைக்கூடத் தாங்கலாம். என் பெண் எனக்காகப் பிச்சை கேட்டு வாங்கித் தந்ததென்றால் எப்படித் தாங்குவது?

டிபன் நேரத்தில் விசாரணையைத் தொடங்கினேன். முதலில் கை தூக்கியவர் ஏழுமலை. சேதராப்பட்டு கம்பெனியில் வேலை, என் வயதுக்காரர். வடையும் கையுமாக அகப்பட்டார்.

"அண்ணா, நெஜமாவே உங்ககிட்ட அந்தக் கேசட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சாவா? தேஞ்சி போற வரைக்கும் கேட்டேம்மா."

"அப்ப அடுத்த பக்கம் எப்படி ஆரம்பிக்கும்? சொல்லுங்க."

"பாட்டு இல்ல மொதல்ல. கடைக்காரரு பேசுவாரு." அவர் வடையை மைக் மாதிரி பிடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "'அன்பர்களே... இது இரண்டாம் பக்கம். நாடாவை ஈரக் கையால் தொடாதீர்கள்.'"

அதே இழுவை, அதே செருமல். எனக்குச் சிரிப்பு வந்து, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. இங்கே பிரான்சில் என் சமையலறையில் அந்தக் குரல் எத்தனை முறை என்னை அதட்டியிருக்கும்! முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் கேசட்டைத் திருப்புவேன்.

ஆனால் ஒரு சாட்சி போதாது. மஞ்சள் புடவை கட்டி, கை தூக்கி, "எனக்கும் அப்படித்தான்" என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்ன ஒரு அம்மாளைப் பிடித்தேன். பெயர் சரோஜா. வில்லியனூரில் டீச்சராக இருந்தவர்.

"அக்கா, அடுத்த பக்கம் எப்படி ஆரம்பிக்கும்?"

"எந்த அடுத்த பக்கம்?"

"கேசட்டோட அடுத்த பக்கம்."

"என்கிட்ட எங்கடி கேசட்டு இருந்துச்சி? எங்க வீட்ல ரேடியோவே கெடயாது" என்றார் அவர், கேசரியை வாயில் போட்டபடி.

"அப்புறம் எதுக்குக் கை தூக்குனீங்க?"

"நீ அங்க நின்ன நிலையப் பாக்க எனக்கு ஆவல. நாலு பேர் தூக்குறாங்க, நானும் தூக்கினேன். என்னா இப்ப? கைக்கு வலியா?"

"பொய்தான அது?"

"ஆமா, பொய்தான். முப்பது வருஷம் டீச்சரா இருந்து எத்தினி புள்ளைங்களுக்குப் பாஸ் மார்க்கு போட்டிருக்கேன். போ, போய் வட சாப்புடு, ஆறிப்போவுது."

நான் கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாள் என் தட்டில் தன் வடையையும் சேர்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவையும் தூணில் சாய்ந்து வித்யா பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ எதுக்கு எல்லாரையும் போலீஸ் மாதிரி கேக்கற?"

"நீ மொதல்ல சொல்லு. சேகர் சாருகிட்ட ஓடிப் போய் என்னா சொன்னே? எங்கம்மா படிக்கலன்னு சொன்னியா? பாவம், விட்டுடுங்கன்னு சொன்னியா?"

"இல்ல."

"பின்ன?"

அவள் தோளைக் குலுக்கினாள். பிரான்சில் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் செய்வது அது. எனக்குப் பிடிக்காது. "நீ தப்பு பண்ணலன்னு சொன்னேன். நம்ம வீட்ல அந்தப் பாட்டு அங்கதான் முடியும்னு சொன்னேன். கேசட் மேல கடை பேர் இருக்குல்ல? அதையும் சொன்னேன்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் கேக்கறதே இல்லையே."

"நீ போடுவியே. நான் எங்க போவேன்? கதவு சாத்தினாலும் கேக்கும்."

குறை சொன்னாளா, வேறு ஏதாவது சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் தட்டிலிருந்து சரோஜா அக்காவின் வடையை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பயணத்துக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாள் என்றும் கேட்டேன்.

"நீ தனியா வந்தா பயப்படுவே" என்றாள்.

அதையும் முழுசாக நம்பவில்லை. ஆனால் மேலே கேட்கவும் இல்லை.

6

ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாதென்று இருந்தேன். நான் பாடின பாட்டின் அசல் இசைத்தட்டைப் போடுவார்கள். மூன்றாவது சரணம் வரும். எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். தலைவலி என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணி, "நேத்து பாடும்போது வராத தலவலி, இன்னிக்கி சும்மா குந்தினு கேக்கறதுக்கு வருதா?" என்றாள். வித்யா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நான் போறேன். எனக்கு மீதிய கேக்கணும்." அவளைத் தனியாக அனுப்புவதா? கிளம்பினேன்.

முதல் நாள் பந்தி மாதிரி சத்தமாக இருந்த மண்டபம் அன்று வேறு இடமாக இருந்தது. மேடையில் ஆள் யாரும் இல்லை. ஒரு மேசை, ஒரு ரெக்கார்டு பிளேயர், இரண்டு பெரிய ஸ்பீக்கர். சேகர் சார் வேட்டி கட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு தட்டையும் உறையிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தார். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார்கள். புழுக்கத்தில் எல்லாரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தப்பித்துப் போக வசதியாக நாங்கள் கடைசி வரிசையில் இருந்தோம்.

என் பாட்டு வந்தது. சொரசொரவென்று ஊசி ஓடி, ரயில் சத்தம், பிறகு அந்தப் பெண் குரல். பாதித் தூக்கத்தில் எழுப்பினாலும் பாடக்கூடிய முதல் சரணம். வித்யாவின் உதடு அசைவதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். சத்தமில்லை, உதடு மட்டும். சொல் தவறாமல் கூடவே போனது. எங்கே இருந்தாய், யார் உன்னை நிறுத்தியது. இரண்டாவது சரணத்துக்கும் அசைந்தது. இவளுக்கு இந்தப் பாட்டு பாடமாக இருக்கிறது. எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாத எதை எதையோ நான் சந்தேகப்பட்டிருக்கிறேன், இதைத் தவிர.

பல்லவி திரும்பி வந்தது. எங்கள் வீட்டில் பாட்டு முடிகிற இடம் வந்தது. சத்தம் குறையவில்லை. அவள் உதடு நின்றது. யாரும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. ஏழுமலை அண்ணன் முன் வரிசையில் கன்னத்தில் கை வைத்து, பரீட்சை எழுதுகிற பையன்போல உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் நான் அசட்டுச் சிரிப்போடு கேட்ட அதே புல்லாங்குழல் வந்தது, பிறகு வயலின்கள், பிறகு தபலா மட்டும்.

பெண் குரல் வரவில்லை. ஓர் ஆண் குரல் எடுத்தது. இத்தனை வருஷமும் அவன் வரவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். பழைய தமிழ்ச் சொற்கள், குரலும் தழுதழுத்திருந்தது. முதல் வரி எனக்குப் பிடிபடவில்லை.

வித்யா பேசக் கூடாதென்ற வழக்கத்தை மறந்து என் பக்கம் சாய்ந்தாள். காதோரம் கேட்டாள். "அம்மா, என்ன சொல்றான்?"

"தெரியலடி" என்றேன். "பொறு. நானும் இப்பத்தான் கேக்கறேன்."